ஏர்லாக்கில் குமிழி இல்லை என்றால்

டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், அவசரமில்லை. வாளியில் ஊற்றிய பீருக்கும் இப்போது அவசரமில்லை. வீட்டில் பீர் காய்ச்சத் தமிழ்நாட்டில் சட்டம் இடம் தருவதில்லை. பிரிட்டனில் 1963 முதல் அதற்கு உரிமம் தேவையில்லை. அந்த ஊர்க் குளிரில் முதல் வாளியை வைத்துவிட்டுக் கவலைப்படுபவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அநேகரும் கேட்பது ஒரே கேள்வி: “ரெண்டு நாளாச்சு, குமிழியே வரலையே?” குமிழி வருவது ஏர்லாக்கில், மூடியில் செருகிய அந்தச் சின்ன பிளாஸ்டிக் குழாயில். மூடி ஓர் ஓரத்தில் சரியாகப் பொருந்தவில்லை என்றால் வாயு அந்த வழியாகவே போய்விடும். உள்ளே நொதித்தல் ஜோராக நடந்துகொண்டிருக்கும், குழாய் அசையாது. மூடியைத் திறக்காமல் வாளியின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். திரவத்தின் மேல் மட்டத்துக்குச் சற்று மேலே பழுப்பாக ஒரு வளையம் ஒட்டியிருந்தால், நுரை எழும்பி அடங்கியிருக்கிறது என்று பொருள். வளையமே இல்லையா? ஈஸ்ட் போட்டு மூன்று நாள் வரை பொறுக்கலாம்.

உண்மையிலேயே மந்தம் என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது குளிரை. ஏல் வகை ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் பிடிக்கும். இரவில் ஹீட்டிங்கை அணைத்துவிட்டால் சமையலறைத் தரை 14, 15-க்கு இறங்கிவிடும். ஈஸ்ட் சோர்ந்து அடியில் படிந்துவிடும். மார்கழியில் இட்லி மாவு பொங்காமல் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வாளியைத் தரையிலிருந்து எடுத்துப் பலகைமேல் வையுங்கள். அல்லது பெரிய தொட்டியில் தண்ணீர் ஊற்றி, மீன்தொட்டி ஹீட்டரை 20 டிகிரியில் வைத்து, அதற்குள் வாளியை நிறுத்துங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான, நம்பகமான வழி இல்லை. வாளியை மெல்ல ஒரு சுற்றுச் சுழற்றினால் படிந்த ஈஸ்ட் கலங்கி மேலே வரும். குலுக்க வேண்டாம். ஈஸ்டுக்குக் காற்று தேவைப்படுவது தொடக்கத்தில், தன் செல் சவ்வைக் கட்டிக்கொள்வதற்காக. பாதி நொதித்த பிறகு காற்று சேர்ந்தால் பீரில் நனைந்த அட்டையின் ருசி ஏறிவிடும்.

அதன் பிறகும் ஐயம் தீரவில்லை என்றால், திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரைத்தான் கேட்க வேண்டும். கிருமி நீக்கிய கரண்டியால் கொஞ்சம் மொண்டு, உயரமான ஜாடியில் ஊற்றி, கருவியை மிதக்கவிட்டு விரலால் ஒரு சுழற்றுச் சுழற்றுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் வாயுக் குமிழிகள் அதைத் தூக்கிப் பிடித்து அளவைக் கூட்டிக் காட்டும். சுழற்றினால் அவை உதிர்ந்துவிடும். எடுத்ததை வாளியில் திரும்ப ஊற்றாதீர்கள், குடித்துப் பாருங்கள். தொடங்கும்போது 1.048 என்றால் 1.012-க்கு அருகில் வந்து நிற்க வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஆல்கஹால் கலந்த பின் அது காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, திருத்தக் கணக்குப் போட்டே ஆகவேண்டும். ‘நின்றுபோன’ பீர்களில் சில இந்தக் கணக்குப் போடாததால் வந்தவைதான்.

சில சமயம் 1.020-இல் நிஜமாகவே நின்றுவிடும். தானியத்தை ஊறவைத்து நீங்களே வோர்ட், அதாவது நொதிக்கவைக்கும் இனிப்புச் சாறு, எடுத்திருந்தால், ஊறிய சூட்டை நினைவுபடுத்திப் பாருங்கள். 70 டிகிரியைத் தாண்டியிருந்தால் மாவுச்சத்தைச் சிறு சர்க்கரையாக வெட்டும் பீட்டா அமைலேஸ் சீக்கிரமே செயலிழந்திருக்கும். மிச்சமிருப்பது சாதாரண பீர் ஈஸ்ட் தொடாத பெரிய சர்க்கரை. அந்த பீர் முடிந்துவிட்டது. சற்றுக் கனமாக, இனிப்பாக இருக்கும், அவ்வளவே.

சூடு காட்டியும் சுழற்றியும் எண் இறங்காதபோதுதான் புது ஈஸ்ட். பொட்டலத்தைப் பிரித்து அப்படியே தூவினால், ஏற்கெனவே ஆல்கஹால் ஏறிய திரவத்தில் அது பெரும்பாலும் எழுந்திருக்காது. ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் கரைத்துக் கொதிக்கவைத்து, 20 டிகிரிக்கு ஆறவிட்டு, அதில் ஈஸ்டைப் போட்டு நுரை கட்டும்போது வாளியில் ஊற்றுங்கள். சர்க்கரை சேர்த்தால் வேகம் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். களைத்த ஈஸ்டுக்கு அது கூடுதல் வேலைதான்.

பொறுமை இழந்து பாட்டிலில் அடைப்பதை நினைத்துத்தான் நான் உண்மையாகவே பயப்படுகிறேன். பாட்டிலில் வாயு ஏறுவதற்காக 23 லிட்டருக்குச் சேர்க்கும் சர்க்கரை ஏறத்தாழ 120 கிராம். அது ஹைட்ரோமீட்டரை 0.002 அளவுதான் உயர்த்தும். 1.012-க்கு இறங்கவேண்டிய பீரை 1.020-இல் அடைத்தால், அதைப்போல நான்கு மடங்குச் சர்க்கரை உள்ளேயே இருக்கும். அலமாரிக் கதகதப்பில் ஈஸ்ட் விழித்துக்கொண்டால் கண்ணாடி வெடிக்கும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளும் ஒன்றாக இருக்கட்டும், அந்த எண்ணும் எதிர்பார்த்த இடத்துக்கு அருகில் இருக்கட்டும். அதுவரை பாட்டிலைத் தொடாதீர்கள்.