யார் யாருக்குப் பழகிக்கொண்டார்கள்? யாழ்ப்பாணத்துக்குக் கற்பிக்க வந்தவர்களின் கதை

2011-இல் வன்னியில் மீள்குடியேறிய ஒரு கிராமத்துப் பாடசாலையில் நான் கற்பித்துக்கொண்டிருந்தேன். தகரக் கொட்டகையில்தான் வகுப்பு. பாதிப் பிள்ளைகளுக்கு இருக்கக் கதிரை இல்லை. வெளிநாட்டுத் திருச்சபை ஒன்றின் மூலம் ஆங்கிலம் கற்பிப்பதற்காக ஓர் இளம்பெண் அங்கு வந்து சேர்ந்தார். மூன்று மாதம் தங்குவதாக ஏற்பாடு. நல்ல பிள்ளை. உறைப்பும் வெயிலும் கிணற்றடிக் குளிப்பும் அவருக்குப் பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. ஆனால் இரண்டாவது கிழமை ஒருநாள் என்னிடம் வந்து அழுதார். "பிள்ளைகள் என்னிடம் ஏதோ சொல்கிறார்கள். சொல்லும்போது சிலர் அழுகிறார்கள். மொழிபெயர்ப்பவரிடம் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்" என்றார்.

பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அவரைத் தேற்றுவதற்காக, உடுவிலில் நாற்பது வருடம் கற்பித்த அமெரிக்கப் பெண்மணி ஒருவரைப் பற்றிச் சொன்னேன். என் அம்மம்மா உடுவிலில் படித்தவர். அந்தப் பெண்மணியின் காலத்துக்குப் பிந்தியவர் என்றாலும் ஏதோ நேரில் கண்டவர் போலத்தான் கதை சொல்லுவார். "அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?" என்று அந்தப் பிள்ளை கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஓய்வுபெற்ற பிறகு, கிடைத்த பழைய அறிக்கைகளையும் கடிதத் தொகுப்புகளையும் நினைவுநூல்களையும் வாசிக்கத் தொடங்கியது அந்தக் கேள்வியால்தான்.

அமெரிக்க மிஷனின் முதற்குழு 1815 ஒக்டோபரில் மசசூசெற்ஸ் மாநிலத்திலிருந்து 'டிறையட்' என்ற பாய்க்கப்பலில் புறப்பட்டு, ஐந்து மாதங்களின் பின் 1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் டானியல் பூவர், எட்வேர்ட் வொறன் ஆகியோர் தெல்லிப்பழைக்கும், பெஞ்சமின் மெக்ஸ், ஜேம்ஸ் றிச்சர்ட்ஸ் ஆகியோர் வட்டுக்கோட்டைக்கும் வந்தார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன பழைய கோவில்களும் வீடுகளும்தான் அவர்களுக்குக் கிடைத்தன. வட்டுக்கோட்டைக் கோவிலுக்குக் கூரையே இருக்கவில்லை. 1818-இல் வொறன் இறந்துவிட்டார். பூவரின் மனைவி சூசன் 1821-இலும், றிச்சர்ட்ஸ் 1822-இலும் இறந்தார்கள். புதிதாக ஆட்களை அழைக்கவும் வழியில்லாமற் போனது. 1820-இல் அச்சு வேலைக்காக வந்த ஜேம்ஸ் கறெற்றை வெளியேறும்படி ஆங்கிலேய அரசாங்கம் கட்டளையிட்டது. அதன்பின் ஏறத்தாழ 1833 வரையில் அமெரிக்கர் எவரும் புதிதாக வந்து சேர அனுமதி இல்லை. இருந்தவர்கள், இருந்ததை வைத்துக்கொண்டுதான் சமாளிக்க வேண்டியிருந்தது.

வெளிநாட்டு வாழ்க்கைக்குப் பழகுதல் என்றால் உணவுக்கும் காலநிலைக்கும் பழகுதல் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இவர்களுடைய பதிவுகளைப் பார்த்தால் அது சிறிய பங்குதான். தாங்கள் போட்டுக்கொண்டு வந்த திட்டத்தை ஊர் எங்கே எங்கே மடக்கியது, அதற்கு இவர்கள் எவ்வளவு தூரம் வளைந்து கொடுத்தார்கள் என்பதுதான் பெரிய கதை.

சமையலறையை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தங்களோடு வைத்துப் படிப்பிக்க வேண்டும் என்பது அவர்களின் திட்டம். ஆனால் எங்கள் வேளாளக் குடும்பங்கள் பிள்ளையை வெள்ளைக்காரரிடம் படிக்க அனுப்பினாலும் அவர்களின் அடுப்பில் வெந்த சோற்றைத் தின்ன அனுப்பத் தயாராக இருக்கவில்லை. கடைசியில் மிஷன் வளவுக்கு வெளியே, பக்கத்துச் சைவக்காரரின் காணியில், வேளாளச் சமையற்காரரை வைத்துச் சமைப்பித்தார்கள். சாதி பாவம் என்று பிரசங்கித்தவர்கள், சாதிக்கு வேலி போட்டுச் சமையலறை கட்டிக் கொடுத்தார்கள். ஆறுமுக நாவலர் போன்றோர் இந்த இரட்டை நிலையைக் கண்டித்தது நியாயம்தான். ஆனால் அந்தச் சோற்றுப் பிரச்சினையை எழுப்பியவர்கள் நாங்கள் என்பதையும் மறக்கக் கூடாது. முகாமில் ஒரே கிடாரத்துச் சோற்றுக்கு வரிசையில் நின்ற பிறகும், ஊருக்குத் திரும்பியதும் எந்தக் கிணறு யாருக்கு என்ற பேச்சுத் தொடங்கியதை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்தது சீதனம். 1824-இல் ஹரியற் வின்ஸ்லோ உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது, எழுத வாசிக்கத் தெரிந்த பெண் என்றால் கோவிலில் ஆடுபவளாகத்தான் இருக்கவேண்டும் என்ற எண்ணம் இருந்ததாக மிஷனரிமார் எழுதியிருக்கிறார்கள். பிள்ளையை அனுப்பும் தாய்க்கு இரண்டு பயம்: ஒன்று மதம், மற்றது கல்யாணம். படித்த பெண்ணை யார் கட்டுவார்? இதற்கு மிஷன் கண்ட வழி எனக்கு முதலில் நம்பமுடியாததாக இருந்தது. படிப்பை முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டும் பெண்ணுக்கு மிஷனே ஒரு சிறு சீதனம் கொடுத்தது! அமெரிக்கக் கிராமங்களில் சபைப் பெண்கள் சில்லறை சில்லறையாகச் சேர்த்து அனுப்பிய காசு, யாழ்ப்பாணத்தில் சீதனமாகக் கைமாறியது. இதைப் பழகிக்கொள்வது என்பதா, தோற்றுப்போவது என்பதா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் அந்தப் பாடசாலைக்குப் பிள்ளைகள் வந்திருப்பார்களோ என்பது சந்தேகம்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்கருக்கு, அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமையும் கிடைத்தது. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆணல்ட் சதாசிவம்பிள்ளை என்று எங்கள் கல்வி வரலாற்றில் வரும் பெயர்களின் முற்பகுதிகள் இப்படிப்பட்ட காலத்தின் சொத்து. என் தாய்வழியிலும் அப்படி ஒரு பெயர் இருக்கிறது. இடம்பெயர்ந்த காலத்தில் ஒவ்வொரு பதிவு மேசையிலும், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்லவேண்டியிருந்தது. யாரோ ஒரு மனிதர், ஒருநாளும் காணாத ஒரு பிள்ளைக்குத் தன் பெயரைக் கொடுத்திருக்கிறார். பிள்ளையின் சொந்தப் பெயர் என்னவாக இருந்தது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மிஷனரிமார் எங்களுக்காக மாறியதைப் பற்றி எழுதும்போது, எங்களை மாற்றியதையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும். தங்கள் நாட்டுக்கு எழுதிய கடிதங்களில் எங்களை 'அஞ்ஞானிகள்' என்றுதான் அவர்கள் குறிப்பிட்டார்கள்.

மொழி விடயத்தில்தான் அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. முதலில் மொழிபெயர்ப்பாளரோடு பேசியவர்கள், அப்படியே காலத்தைக் கடத்தவில்லை. உள்ளூர் ஆசிரியர்களிடம் உட்கார்ந்து தமிழ் படித்தார்கள். சும்மா கதைக்கும் தமிழ் மட்டுமல்ல. ஹரியற்றின் கணவர் மைரன் வின்ஸ்லோ பின்னர் சென்னையில் இருந்து 1862-இல் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதியை இன்றும் பயன்படுத்துகிறோம். அதன் அடித்தளம் யாழ்ப்பாணத்தில் பல பண்டிதர்களின் உழைப்பால் இடப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

இந்த விடயத்தில் எல்லோரையும்விட ஒரு படி மேலே போனவர் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847-இல் வந்து மானிப்பாயில் வைத்தியமும் வைத்தியக் கல்வியும் தொடங்கினார். ஆரம்பத்தில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். இடையில் அமெரிக்கா போய் 1862-இல் திரும்பிய பிறகு, முழுமையாகத் தமிழில் படிப்பிக்க முடிவெடுத்தார். மாணவர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆங்கிலம் இருந்தால்தானே அரசாங்க வேலை? ஆனால் கிறீன் கிராமத்தில் இருந்து வைத்தியம் பார்ப்பவர்களை உருவாக்க நினைத்தார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' என்று நூல் நூலாகத் தமிழில் வந்தன. ஒரு கலைச்சொல் வேண்டுமென்றால் முதலில் தமிழில் தேடுவது, இல்லாவிட்டால் சமஸ்கிருதத்தில் எடுப்பது, அதுவும் முடியாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்று ஓர் ஒழுங்கும் வைத்திருந்தார். மொழிபெயர்ப்பில் அவருடைய மாணவர்களின் கையும் பெரியது. அவரிடம் வைத்தியம் படித்து வெளியேறியவர்கள் அறுபதுக்கு மேல்.

இப்படி ஊரோடு ஊராகி வேலை செய்தவர்களுக்கு வந்த பெரிய அடிகளில் ஒன்று அவர்களுடைய சொந்தத் தலைமையகத்திலிருந்து வந்தது. 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறி, கணிதம், வானியல், தமிழ் இலக்கியம், சமஸ்கிருதம் என்று கற்பித்த உயர்கல்வி நிலையம். 1855-இல் பொஸ்ரன் தலைமையகத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த குழுவின் முடிவுப்படி அது மூடப்பட்டது. மிஷனின் நோக்கம் சுவிசேஷம், உயர்கல்வி அல்ல என்பது அவர்களின் வாதம். படித்தவர்கள் அரசாங்க வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்ற கவலையில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேலாகக் கட்டியதை ஒரு வருகையில் மூடியதை வாசிக்கும்போது, 'திட்டக் காலம் முடிந்துவிட்டது' என்று பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போன வாகனங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. பூவர் அந்த ஆண்டிலேயே மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்கள் விடவில்லை. அவர்களின் முயற்சியில் 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது.

இனி, நான் வாசித்தவற்றில் என்னால் கடந்துபோக முடியாத ஒன்று. மிஷனரிக் குடும்பங்களின் பிள்ளைகள் ஒரு வயதுக்கு மேல் இங்கு வளர்வதைப் பெற்றோர் விரும்பவில்லை. அமெரிக்காவில் உறவினரிடமோ சபையாரிடமோ வளர அனுப்பினார்கள். கடிதம் போய்ச் சேர நான்கு, ஐந்து மாதம். பதில் வரக் கிட்டத்தட்ட ஒரு வருடம். ஹரியற்றின் மகன் சாள்ஸ் 1821-இல் இங்கு பிறந்தவன். அவனையும் அப்படி அனுப்பினார்கள். 1832-இல் அவன் அமெரிக்காவில் இறந்தான். வயது பதினொன்று. அவன் இறந்துபோனது தெரியாமல் தாய் இங்கிருந்து அவனை நினைத்து எத்தனை நாள் ஜெபித்திருப்பார் என்று கணக்குப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. 1833 ஜனவரியில் ஹரியற்றும் இறந்தார். அவருக்கு 36 வயது. (அமெரிக்க வெளியுறவுச் செயலாளராக இருந்த ஜோன் பொஸ்ரர் டலஸ் இவருடைய கொள்ளுப்பேரன் என்பது உடுவிலாருக்கே பலருக்குத் தெரியாது.)

எங்கள் வீட்டிலும் 1990-களில் ஒரு பதினாறு வயதுப் பிள்ளையை ஏஜென்சிக்காரரின் கையில் கொடுத்து அனுப்பினோம். என் தம்பி. எட்டு மாதம் செய்தி இல்லை. அம்மா ஒவ்வொரு நாளும் கடிதம் எழுதினா, விலாசம் இல்லாமல். என் தம்பியின் கடிதம் கடைசியில் வந்தது. ஹரியற்றின் கதையை வாசித்த அன்று, அம்மா எழுதி வைத்திருந்த அந்தக் கட்டை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் ஒரு நம்பிக்கைக்காகத் தாங்களே விரும்பிக் கொடுத்தார்கள். எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காத்திருப்பது ஒன்றுதான்.

கடைசியாக, அந்த இளம்பெண்ணுக்கு நான் சொன்னவரைப் பற்றி. பெயர் எலைசா அக்னியூ. நியூயோர்க்கில் பிறந்தவர். தாய் தகப்பன் இறந்த பிறகு, 1840-இல், முப்பதைக் கடந்த வயதில் தனியாளாக யாழ்ப்பாணம் வந்தார். கல்யாணமாகாத பெண் ஒருத்தி கடல் கடந்து தனியே வந்து வாழ்வது எங்கள் சனத்துக்கு மட்டுமல்ல, அவருடைய சனத்துக்கும் அப்போது புதினம். உடுவிலில் ஏறத்தாழ நாற்பது வருடம் கற்பித்தார். முதலில் படித்த பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும், பிறகு பேரப்பிள்ளைகளுக்கும் அவரே ரீச்சர். ஆயிரம் பெண்பிள்ளைகள் அளவில் அவர் கையால் படித்தார்கள். விடுமுறை வந்தால் ஊர் ஊராகப் போய்ப் பழைய மாணவிகளின் வீட்டில் இருந்து அவர்களின் சுகதுக்கம் கேட்பார். 'ஆயிரம் பெண்களின் தாய்' என்று சைவர்களும் சொன்னார்கள். அவ்வளவு காலத்தில் ஒரு முறைகூட அவர் தன் நாட்டுக்குப் போகவில்லை.

அந்தப் பிள்ளைக்கு இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அவருக்குத் தமிழ் விளங்குமா?" விளங்கும் என்றேன். அடுத்த நாளிலிருந்து மொழிபெயர்ப்பவரை விட்டுவிட்டு, ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் பக்கத்தில் இருந்து 'அம்மா', 'வீடு', 'காணவில்லை' என்று எழுதப் பழகினார். மூன்று மாதம் முடிய அவருடைய விசாவும் முடிந்தது. போகும்போது அந்தக் கொப்பியைக் கொண்டுபோனார்.

அக்னியூ 1879-இல் ஓய்வுபெற்று மானிப்பாயில் லீச் சகோதரிகளின் வீட்டில் தங்கினார். 1883 ஜூனில் அங்கேயே இறந்தார்.