மீட்டர் பொய் சொல்லுமா?

உங்கள் கையில் உள்ள செல்போனின் திரையைச் சற்று உற்றுப் பாருங்கள். இன்று பல போன்களில் அந்த ஒளியைத் தருவது, கரிமப் பொருளாலான ஒரு மெல்லிய ஏடு. கனம் ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறு போட்டதில் சில கூறுகள்தான். வெங்காயச் சருகு கூட அதன் முன்னே கம்பளி!

அதற்குள் மின்சாரம் எப்படி நடமாடுகிறது என்று எட்டிப் பார்க்க முடியுமா? உலோக முனைகளை வைத்து, வோல்ட் அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, ஓடும் மின்சாரத்தை அளந்து ஊகிக்க வேண்டியதுதான். வைத்தியர் நாடி பிடிப்பது போன்ற காரியம். நாடியை எல்லோரும் பிடிக்கலாம். அது சொல்வதைப் புரிந்துகொள்வதில்தான் சங்கடம்.

கரிமப் பொருளில் டிரான்சிஸ்டரும் செய்கிறார்கள். ஆனால் சிலிக்கான் படிகத்தில் ஓடுகிற மின் துகள்கள் இதில் நடக்கத்தான் செய்யும். அந்த நடையின் சுறுசுறுப்பைக் குறிக்கும் எண்ணுக்கு 'இயங்குதிறன்' என்று பெயர். அதை உயர்த்துவதில் விஞ்ஞானிகளிடையே பலத்த போட்டி. எண் 40-ஐத் தாண்டிவிட்டதாகக் கூட அறிக்கைகள் வந்தன.

அந்த அறிக்கைகளில் ஒரு விசித்திரம் இருந்தது. டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்தும் முனையில் அழுத்தத்தை ஏற்றும்போது, மின்சாரம் ஒழுங்காக ஏறாமல், ஓரிடத்தில் திடீரென்று எகிறியது. எகிறிய வேகத்தை வைத்தே இயங்குதிறனைக் கணக்கிட்டிருந்தார்கள்.

அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப ஸ்தாபனத்தைச் சேர்ந்த எமிலி பிட்டில், டேவிட் குண்ட்லாக் முதலியோர் 2016-ல் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். 'ரூப்ரீன்' என்னும் செந்நிறப் படிகத்தில், வேண்டுமென்றே அதே குறையுள்ள டிரான்சிஸ்டரைச் செய்தார்கள். அதில் மாறு மின்சாரத்தை, துடிப்பைக் கூட்டியும் குறைத்தும் செலுத்திப் பார்த்தார்கள். உலோக முனை படிகத்தைத் தொடும் சந்தி ஒரு விதமாகவும், படிகத்தின் உட்பாதை வேறு விதமாகவும் பதில் சொல்லும், இரண்டையும் பிரித்துவிடலாம். நல்ல யுக்திதான்!

குட்டு வெளிப்பட்டது. தடை சந்தியில் இருந்தது. குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் அது மளமளவென்று குறைய, மின்சாரம் பாய்ந்தது.

சினிமாக் கொட்டகை வாசலை ஒரு காவலாளி அடைத்துக்கொண்டு நிற்கிறான் என்று வையுங்கள். அவன் விலகியதும் கூட்டம் 'குபுகுபு'வென்று உள்ளே போகும். தலைகளை மட்டும் எண்ணுகிறவன், "அடேயப்பா, எல்லோரும் ஓட்டப் பந்தயக்காரர்கள்!" என்பான். நடந்தது அதுதான். மீட்டர் சொன்னது மெய். அதற்கு மனிதர் போட்ட கணக்குத்தான் பொய். இயங்குதிறன் உள்ளதைப் போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும் கூடுதலாக வந்திருந்தது!


எகிறும் கோடு உள்ள பழைய அறிக்கைகளையெல்லாம் மறுபடி புரட்ட வேண்டியதாயிற்று.