தகரம் அடித்த தெருவில் வளர்ந்த பிள்ளைகள்

தனிமைப்படுத்தல் தொற்றைத் தடுக்கும். கூடவே, வளரும் பிள்ளைக்கு வேண்டிய நட்பையும் விளையாட்டையும் பறித்துவிடும். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 24 ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்: நாள் நீள நீள மனபாரம் கூடும், தெளிவான தகவல் இல்லாவிட்டால் இன்னும் கூடும்.

நாமக்கல் மாவட்டத்தில் இந்த மனபாரத்துக்குத் தனி முகம் இருந்தது. ராசிபுரம், திருச்செங்கோடு வட்டார விடுதிப் பள்ளிகளில் விடிகாலை முதல் இரவுவரை மணியடித்தபடி நகர்ந்த வாழ்க்கை, 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் சட்டென்று நின்றது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, ஜூன் 9-ல் ரத்தானது. புத்தகத்தை மூடிவைக்கவும் முடியாத, தேர்வை எழுதி முடிக்கவும் முடியாத அந்தக் காத்திருப்பு, தேர்வைவிடக் கொடுமையானது.

சேலத்தின் விசைத்தறி வீடுகளில் தறி நின்றது, வருமானமும் நின்றது. பெரியவர்களின் கவலை அப்படியே பிள்ளைகள்மேல் இறங்கியது. தொற்று வந்த வீட்டில் 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டது. தெருமுனையில் தகரம் அடிக்கப்பட்டது. ஊரார் பார்வையில் பட்ட கூச்சம், காய்ச்சலோடு போய்விடுவதில்லை.

இரவெல்லாம் விழித்துப் பகலில் தூங்குவது, சாப்பாட்டில் நாட்டமின்மை, தொட்டதற்கெல்லாம் எரிச்சல், பேச்சைக் குறைத்துக்கொள்வது ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகளாக இருக்கலாம். இவற்றைச் சோம்பல் என்று திட்டுவது பிள்ளையை மேலும் ஒதுங்க வைக்கும். கொரோனாப் பெருந்தொற்றின் முதல் ஆண்டில் உலகளவில் பதற்றமும் மனச்சோர்வும் 25 விழுக்காடு கூடியதாகவும், இளையோரும் பெண்களும் அதிகம் பாதிக்கப்பட்டதாகவும் உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அறிவித்தது. இப்போது 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம்.