மலைச்சாலையில் இழுவண்டி ஓட்டுதல்

மலைச்சாலையில் இழுவண்டி ஓட்டுதல் என்பது, தானாக இயங்கும் ஆற்றலற்ற ஒரு வண்டியை ஜீப் அல்லது நடுத்தர அளவுள்ள பன்பயன் சீருந்தின் பின்னால் பூட்டி, ஏற்ற இறக்கமும் வளைவுகளும் மிகுந்த சாலையில் செலுத்துவதைக் குறிக்கும். இழுவண்டி பேச்சு வழக்கில் டிரெய்லர் எனப்படுகிறது. உறங்கவும் சமைக்கவும் வசதி கொண்ட இழுவண்டி பயண இழுவண்டி அல்லது கேரவன் எனப்படும். சமவெளியில் இழுக்கும் திறனே முதன்மையானது. மலைச்சாலையிலோ நிறுத்தும் திறனே முதன்மையானது. இக்கட்டுரை தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரையும் இடுக்கி மாவட்டத்தின் ஏலமலைப் பகுதியையும் இணைக்கும் போடிமெட்டு மலைச்சாலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

பின்னணி

வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆத்திரேலியா ஆகிய இடங்களில் பயண இழுவண்டி பரவலாகப் பயன்படுகிறது. இந்தியாவில் இது அரிது. கேரள அரசு 2021 ஆம் ஆண்டு அறிவித்த கேரவன் சுற்றுலாத் திட்டத்திலும் தாமாக இயங்கும் கேரவன்களே முதன்மை பெற்றன. தேனி மாவட்டச் சமவெளியில் டிராக்டரின் பின்னால் பூட்டிய இழுவண்டிகள் விளைபொருள் ஏற்றிச் செல்வது அன்றாடக் காட்சியாகும். மலைப் பகுதியில் தோட்டத் தொழிலாளர்களும் ஏலக்காய் மூட்டைகளும் பெரும்பாலும் ஜீப்புகளிலும் சிறு சரக்கு ஊர்திகளிலும் செல்கின்றனர். பாரம் ஊர்தியின் மேல் இருந்தாலும் பின்னால் இருந்தாலும், இறக்கத்தில் அதனைக் கட்டுப்படுத்தும் அடிப்படை ஒன்றே.

இச்சிக்கல் இப்பகுதிக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை வழியாக டாப் ஸ்டேசன் வரை கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து கம்பிவட ஊர்தி மூலம் கொட்டகுடிக்கு இறக்கப்பட்டு, பின்னர் போடிநாயக்கனூரை அடைந்தது. அந்த இருப்புப்பாதை 1924 ஆம் ஆண்டு வெள்ளத்தில் அழிந்தது.

சாலையின் இயல்பு

போடிமெட்டுச் சாலை ஒரு தேசிய நெடுஞ்சாலையின் பகுதியாகும். முன்பு இது தேசிய நெடுஞ்சாலை 49 என்றும், 2010 ஆம் ஆண்டின் எண் மாற்றத்திற்குப் பின் தேசிய நெடுஞ்சாலை 85 என்றும் வழங்கப்படுகிறது. போடிநாயக்கனூரை அடுத்த முந்தலில் மலையேற்றம் தொடங்கி, மாநில எல்லையில் உள்ள போடிமெட்டில் முடிகிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆகும். வழியில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இச்சாலையில் பாறைகளும் மண்ணும் சரிவதுண்டு. மேற்பகுதியில் பனிமூட்டம் பார்வையை மறைக்கும்.

எடைப் பங்கீடு

பயணத்திற்கு முன் மூன்று எடைகளை அறிதல் வேண்டும்.

1. இழுக்கும் ஊர்திக்கு அதன் உற்பத்தியாளர் அனுமதித்துள்ள இழுவை எடை. ஊர்தியின் கையேட்டில் இது குறிப்பிடப்படவில்லை எனில், அவ்வூர்தி இழுவைக்கு ஏற்றதெனக் கொள்ளலாகாது.
2. சாமான்களும் தண்ணீரும் ஏற்றிய நிலையில் இழுவண்டியின் முழு எடை. வெற்று எடையைக் கொண்டு கணக்கிடுவது தவறான முடிவைத் தரும்.
3. இணைப்புக் கொக்கியின் மீது செங்குத்தாக அழுத்தும் எடை. வட அமெரிக்காவில் இது இழுவண்டி எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருத்தல் வேண்டும் என்பது வழக்கம். ஐரோப்பாவில் இவ்வளவு குறைவு.

கொக்கியின் மீது எடை குறைந்தால் இழுவண்டி பக்கவாட்டில் ஊசலாடும். அளவுக்கு மிஞ்சினால் இழுக்கும் ஊர்தியின் பின்பகுதி தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடிப்புக் குறையும். ஆகவே பளுவான பொருள்களை இழுவண்டியின் அச்சுக்குச் சற்று முன்னால், தரையை ஒட்டி வைத்துக் கட்டுவர்.

ஏற்றம்

ஏற்றத்தில் எஞ்சின் வெப்பமடைவதே முதன்மைச் சிக்கல். கடல் மட்டத்திலிருந்து உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 10 விழுக்காடு ஆற்றலை இழக்கிறது. உயர் கியரில் எஞ்சினைத் திணறவிடாமல், உரிய நேரத்தில் கீழ்க் கியருக்கு மாற்றுதல் நலம். வெப்பமானி உயர்ந்தால், அகலமான இடத்தில் ஒதுங்கி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் குளிர்விக்க வேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் கூடாது. நிற்கும்போது சக்கரத்திற்கு வைக்கும் கல்லைப் புறப்படும் முன் சாலையிலிருந்து அகற்றுவது பின்வருவோரின் உயிரைக் காக்கும்.

இறக்கம்

இறக்கமே மிகுந்த ஆபத்து நிறைந்தது. 2,000 கிலோகிராம் ஊர்தியும் 750 கிலோகிராம் இழுவண்டியும் சேர்ந்து 1,000 மீட்டர் கீழிறங்கும்போது ஏறத்தாழ 27 மெகாசூல் ஆற்றல் வெளிப்படுகிறது. இது 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் உள்ள சுமார் 85 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றும் டயர்களும் இதில் ஒரு பங்கை ஏற்கின்றன. எஞ்சியதை எஞ்சினோ பிரேக்கோ ஏற்றாக வேண்டும். இழுவண்டிக்குத் தனி பிரேக் இல்லையெனில், ஊர்தியின் பிரேக்குகள் தாங்க வேண்டிய சுமை 37 விழுக்காட்டிற்கும் மேல் கூடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 750 கிலோகிராம் வரையுள்ள இழுவண்டிகளுக்குத் தனி பிரேக் கட்டாயமில்லை. ஆயினும் நீண்ட மலையிறக்கத்தில் அது இருத்தல் பெரும் பாதுகாப்பாகும்.

பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கினால் இரண்டு விளைவுகள் ஏற்படும். முதலாவது, உராய்வுப் பட்டைகள் மிகச் சூடாகிப் பிடிப்பை இழத்தல். இரண்டாவது, பிரேக் எண்ணெய் கொதித்தல். டாட் 3 வகை எண்ணெயின் குறைந்தளவு கொதிநிலை புதிய நிலையில் 205 பாகை செல்சியசு. ஈரம் உறிஞ்சிய நிலையில் 140 பாகை மட்டுமே. டாட் 4 வகைக்கு இவை முறையே 230, 155 பாகைகளாகும். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் தோன்றும். அவை எளிதில் அழுந்துவதால் மிதி அடிவரை செல்லும், ஊர்தியோ நிற்காது. இவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆகவே பழைய எண்ணெயுடன் மலையிறங்குவது ஆபத்தானது.

இதனைத் தவிர்க்கும் முறை எஞ்சின் பிரேக்கிங் ஆகும். கீழ்க் கியரில் செல்லும்போது, சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருப்பதால் வேகம் கட்டுப்படுகிறது. ஏறுவதற்குத் தேவைப்பட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர் விதி. இழுவண்டி பூட்டியிருப்பின் அதற்கும் ஒரு கியர் கீழே தேவைப்படலாம். கியரை இறக்கம் தொடங்கும் முன்னரே மாற்றுதல் வேண்டும். வேகம் மிகுந்த பின் கீழ்க் கியருக்கு மாற்றுவது கடினம். தானியங்கிக் கியர் உள்ள ஊர்திகளில் கைத்தெரிவு நிலையைப் பயன்படுத்தலாம். வேகம் மீறும்போது பிரேக்கை உறுதியாக அழுத்தி, வேகம் குறைந்ததும் விட்டு, ஆற விடுவது சிறந்தது.

எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குவது மிகக் கேடான வழக்கமாகும். அவ்வாறு செய்தால் எஞ்சினின் தடுப்பு முற்றிலும் நீங்கி, முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழுகிறது. எஞ்சினையும் நிறுத்திவிட்டால் பிரேக்கிற்கான வெற்றிட உதவியும் சுக்கானுக்கான விசை உதவியும் அற்றுப்போகும். தற்கால எஞ்சின்கள் கியரில் இருந்தபடி முடுக்கியை விட்டு இறங்கும்போது எரிபொருள் செலுத்துவதை நிறுத்திவிடுகின்றன. ஆதலால் நியூட்ரலால் மிச்சமாவது ஏதுமில்லை.

கருகிய வாடை வந்தாலோ மிதி மென்மையாகினாலோ உடனே ஒதுங்கி நிற்க வேண்டும். சூடான பிரேக்கின் மீது தண்ணீர் ஊற்றினால் வட்டு வெடிக்கவோ வளையவோ கூடும்.

கொண்டை ஊசி வளைவுகள்

வளைவில் இழுவண்டியின் சக்கரங்கள் ஊர்தியின் தடத்தைப் பின்பற்றாமல் உட்புறம் நகரும். இந்தியச் சாலைப் பேரவையின் மலைச்சாலை நெறிகள் கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்புக்குக் குறைந்தது 14 மீட்டர் ஆரத்தையும், 20 கி.மீ./மணி வடிவமைப்பு வேகத்தையும் குறிப்பிடுகின்றன. முன்னச்சு 14 மீட்டர் ஆரத்தில் திரும்புவதாகவும், அச்சிடைத் தொலைவு 2.7 மீட்டர் எனவும், பின்னச்சிலிருந்து கொக்கி 1 மீட்டர், கொக்கியிலிருந்து இழுவண்டி அச்சு 4 மீட்டர் எனவும் கொண்டால், ஊர்தியின் பின்னச்சு ஏறத்தாழ 26 சென்டிமீட்டரும் இழுவண்டியின் அச்சு ஏறத்தாழ 80 சென்டிமீட்டரும் உட்புறம் நகர்கின்றன. எனவே உள்வளைவில் வடிகாலிலோ கைப்பிடிச் சுவரிலோ சக்கரம் சிக்கக்கூடும். எதிரே பேருந்து வரின் அதனை முதலில் கடக்கவிட்டு, பின் சற்று அகலமாகத் திரும்புவது முறை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். ஈரச் சாலையில் வளைவின் நடுவே கடுமையாகப் பிரேக் இட்டால், பிரேக் இல்லாத இழுவண்டி ஊர்தியின் பின்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளி, இரண்டையும் கத்திபோல் மடக்கிவிடும்.

ஊசலாட்டம்

இழுவண்டி இருபுறமும் ஆடத் தொடங்கினால் முடுக்கியிலிருந்து காலை எடுத்து, சுக்கானை நேராகப் பிடித்தல் வேண்டும். எதிர்ப்புறமாகத் திருப்புவதும் வேகத்தைக் கூட்டுவதும் ஆட்டத்தை மிகுவிக்கும். இழுவண்டியின் பிரேக்கைத் தனியே இயக்கும் வசதி இருப்பின் அதனை மட்டும் மெல்ல இயக்கினால் இழுவண்டி நேராகும்.

சட்டமும் முன்சோதனையும்

இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988 இழுவண்டியைத் தனி வாகனமாக வரையறுக்கிறது; அதற்குப் பதிவு தேவை. குறுகிய மலைச்சாலையில் ஏறிவரும் ஊர்திக்கு இறங்கும் ஊர்தி வழிவிட வேண்டும் என்பது இந்தியச் சாலை விதி. ஓடும் இழுவண்டிக்குள் ஆட்கள் இருத்தல் ஆகாது.

புறப்படும் முன் கொக்கியின் பூட்டு, அதன் கீழ் குறுக்காக மாட்டிய காப்புச் சங்கிலிகள், பிரேக் விளக்குகள், திருப்ப விளக்குகள், டயர்களின் காற்றழுத்தம் ஆகியவை சோதிக்கப்பட வேண்டும். போடிமெட்டிலிருந்து இறங்குவோர், இறக்கம் தொடங்குமுன் சமதளத்தில் பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்தல் நன்று. பிரேக்கில் குறை இருப்பின் அங்கே ஊர்தியை நிறுத்த இயலும். வளைவுகளுக்கு இடையே அவ்வாறு நிறுத்துவது கடினம்.