மணிவளைவும் மதிப்பெண்ணும்

ஒரு தேர்வில் 72 மதிப்பெண் பெற்றவரைச் சிறந்தவர் என்பதா, நடுத்தரமானவர் என்பதா? எண்ணை மட்டும் கொண்டு விடை கூற இயலாது. வினாத்தாள் கடினமாகி வகுப்பின் சராசரி 50 ஆனால் அவர் முன்வரிசையினர். சராசரி 80 ஆனால் பின்தங்கியவர். இந்த இடர்ப்பாட்டைத் தீர்க்கவே, வகுப்போடு ஒப்பிட்டுத் தரம் வழங்கும் முறை எழுந்தது.

அதற்கு அடிப்படை இயல்நிலைப் பரவல். வேங்கிக்காலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் குறைதீர் கூட்டம் கூடுகிறதன்றோ? அங்கு வரும் ஆண்களுள் ஆயிரவரின் உயரத்தை அளந்து வரைந்தால், நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் மணி போன்ற வளைவு ஏறக்குறையக் கிடைக்கும். சிறு காரணங்கள் பல தனித்தனியே கூடிச் செயற்படுவதன் விளைவு அது. அவ்வளைவில் சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்டவிலக்கத்திற்குள் 68 விழுக்காட்டினர் அடங்குவர். ஒன்றரைத் திட்டவிலக்கத்திற்கு மேற்பட்டோர் சுமார் 7 விழுக்காட்டினரே.

ஆனால் வகுப்பு என்பது வழியிற் கூடிய கூட்டமன்று. பல தேர்வுகளால் சலித்தெடுக்கப்பட்டது. அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளுக்கு வகுத்த 2021ஆம் ஆண்டு விதிமுறைகள் இதனைக் கருத்திற் கொண்டன. தேர்ச்சி பெற்றோர் 30க்கு மேற்பட்டால் ஒப்பீட்டுத் தரம். இல்லையேல் 91 முதல் முதல்தரம் என்பது போன்ற நிலையான வரம்புகள். மதிப்பெண்கள் மணிவடிவில் அமையாமல் ஒருபுறம் சாய்ந்திருக்குமாதலால், பாக்ஸ், காக்ஸ் என்னும் அறிஞர் இருவர் 1964இல் வெளியிட்ட உருமாற்றத்தால் முதலில் அவற்றைச் சீர்செய்வர். அவ்வுருமாற்றம் யார் முன், யார் பின் என்னும் வரிசையை மாற்றாது. எல்லைக்கோடு விழும் இடத்தையே மாற்றும்.

அந்தக் கோட்டில்தான் ஒருவருடைய வாழ்வு திரும்புகிறது. நாற்பதின்மர் வகுப்பில் சராசரி 60, திட்டவிலக்கம் 12 என்க. ஒன்றரைத் திட்டவிலக்கத்தில் கோடு போட்டால் 78. ஆயினும் அவ்வாண்டு யார் யார் அவ்வகுப்பில் அமர நேர்ந்தது என்பதைப் பொறுத்து மட்டுமே அக்கோடு சுமார் 3 மதிப்பெண் மேலோ கீழோ நகரக்கூடும். அப்படியிருக்க, 77 பெற்றவரை ஒரு தரம் தாழ்த்துவது எங்ஙனம் நியாயம்? மேலும், வகுப்பு முழுதும் உழைத்துப் பத்துப் பத்து மதிப்பெண் கூடப் பெற்றாலும் கோடும் பத்து ஏறிவிடும். எவர் தரமும் உயராது. பாலத்தின் பளுவைக் கணக்கிடக் கற்பிக்கும் பாடத்திற்கு இது பொருந்தாது என்பதே என் கருத்து.

ஆசிரியர் தாமே வரம்பு வகுக்கும் இடங்களில் எளிய வழியொன்று உண்டு. கணக்குத் தந்த 78ஐச் சுற்றி மதிப்பெண்களை வரிசையாக எழுதிப் பார்க்கலாம். 77, 78, 79 என நெருங்கி நின்று, 73, 74, 75 வெறுமையாயிருப்பின், அந்த வெற்றிடத்திலேயே கோட்டை இடலாம்.