ஒன்பதாம் வகுப்பும் புதிய சொற்களும்

ஒன்பதாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும் மாணவருக்குப் பாடநூல்கள் திடீரெனக் கடினமாகத் தோன்றுவது இயல்பு. இயற்பியல், உயிரியல், பொருளியல் என ஒவ்வொரு துறையும் தனக்கே உரிய சொற்களோடு வருகிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020 வகுத்துள்ள 5+3+3+4 அமைப்பிலும் இறுதிக் கட்டம் இவ்வகுப்பில்தான் தொடங்குகிறது. எட்டாம் வகுப்பு வரை தாய்மொழியில் பயின்று, இங்கே ஆங்கில வழிக்கு மாறும் பிள்ளைகளுக்குச் சுமை இன்னும் அதிகம். அறிந்த கருத்தையே அறியாத சொல்லில் எழுத வேண்டியிருக்கிறது. மதிப்பெண் குறையும்போது, ‘எனக்கு அறிவியல் வராது’ என்று பிள்ளை தன்னைப் பற்றியே முடிவு கட்டிவிடுகிறது. அம்முடிவு மேல்நிலை வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதும் கூடவே வருகிறது. ஆகவே, சொல்வளத்தைத் தொடக்கத்திலேயே கவனிப்பது நன்று.

பழகிய சொல், புதிய பொருள்

முற்றிலும் புதிய சொல்லைக் கண்டால் மாணவர் அகராதியைப் புரட்டுவார். பழகிய சொல்லே அவரை ஏமாற்றும். ‘பவர்’ என்பது குடிமையியலில் அதிகாரம், இயற்பியலில் திறன், கணிதத்தில் அடுக்கு. தமிழிலும் இவ்வாறே. சுமையைத் தலையில் தாங்கி ஒரு மணி நேரம் அசையாது நிற்பவர் களைத்துப்போவார். ஆயினும் சுமை இடம்பெயராததால், இயற்பியலின் கணக்கில் அவர் அதன்மீது செய்த வேலை சுழியமே. எனவே, சொற்குறிப்பேட்டில் சொல், பொருள் ஆகியவற்றோடு பாடத்தின் பெயரையும் எழுதுவது அவசியம்.

குடும்பமாகக் கற்றல்

கலைச்சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதைவிட வேரோடு கற்பது எளிது. ‘போட்டோ’ என்றால் ஒளி, ‘சிந்தசிஸ்’ என்றால் சேர்க்கை. இரண்டும் இணைந்ததே ஒளிச்சேர்க்கை. ‘டெலி’ என்பது தொலைவு எனத் தெரிந்தால் தொலைபேசி, தொலைநோக்கி, தொலைக்காட்சி ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்கள் ஒருங்கே விளங்கும். வெப்பமானியும் காற்றழுத்தமானியும் ‘மானி’யில் முடிவது போல, அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் ‘மீட்டர்’ என முடிகின்றன.

வினாத்தாளின் ஏவல் சொற்களும் இப்பயிற்சியில் இடம்பெற வேண்டும். வரையறு, விளக்கு, ஒப்பிடு, வேறுபடுத்து, நிறுவுக என்பவை வெவ்வேறு விடைகளைக் கோருபவை. ‘வேறுபடுத்து’ என்ற வினாவுக்கு ஒரு பொருளை மட்டும் விரிவாக விளக்கினால், பாடம் தெரிந்தும் மதிப்பெண் கிட்டாது.

மறதிக்கு மாற்று

கற்றவை எத்துணை விரைவில் மறக்கின்றன என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தம்மீதே சோதித்து 1885இல் வெளியிட்டார். இடைவெளி விட்டு மீண்டும் நினைவுகூர்வதே இதற்கு மருந்து. லைட்னர் என்பவர் 1972இல் அறிமுகப்படுத்திய அட்டைப் பெட்டி முறை இதற்கு ஏற்றது. அட்டையின் ஒருபுறம் சொல். மறுபுறம் பொருளும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும். சரியாகச் சொன்ன அட்டை, மேலும் சில நாள் கழித்துப் பார்க்கும் அடுத்த அறைக்குச் செல்லும். தவறியது முதல் அறைக்கே திரும்பும். நாளொன்றுக்கு 3 சொற்கள் என்றால், 200 பள்ளி நாள்களில் 600 சொற்கள் சேரும்.

வீட்டிலேயே ஒரு பாடநூல்

பெற்றோருக்கு ஆங்கிலப் புலமை வேண்டும் என்பதில்லை. பிள்ளை தன் சொற்களில் விளக்கக் காது கொடுத்தால் போதும். இதற்கு வங்கிக் கணக்குப் புத்தகமே உதவும். வரவு, பற்று, இருப்பு, அசல், வட்டி ஆகியவற்றின் ஆங்கிலச் சொற்களை அதில் தேடச் சொல்லலாம். ரூ.10,000 வைப்புக்கு ஆண்டுக்கு 6 விழுக்காடு கூட்டு வட்டி எனில், இரண்டாண்டு முடிவில் 10,000 × 1.06 × 1.06, அதாவது ரூ.11,236 கிடைக்கும். ஆர்வத்தைக் குறிக்கும் ‘இன்ட்ரஸ்ட்’ இங்கே வட்டியானது எப்படி, 1.06இன் ‘பவர்’ இங்கே எத்தனை என்று கேளுங்கள். பிள்ளை உங்களுக்கு விளக்கிச் சொல்லிவிட்டால், அச்சொற்கள் தேர்வறையிலும் அதற்குக் கைகொடுக்கும்.