உங்களுக்குத் தெரியுமா? மகன் நினைவாக ஒரு கோப்பை

காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரியில் படிக்கும் வாலாஜாபாத் மாணவர் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழக கிரிக்கெட் அணிக்குத் தேர்வானால், அவர் கண்முன் நிற்கும் பெரிய கனவு ரோஹிண்டன் பாரியா கோப்பை. பம்பாயைச் சேர்ந்த அர்தேஷிர் தாதாபாய் பாரியா, தன் மகன் ரோஹிண்டன் நினைவாக அளித்தது அது. ரஞ்சிக் கோப்பை தொடங்கிய அடுத்த ஆண்டே, 1935-36இல், பல்கலைக்கழகங்களுக்கான இந்தப் போட்டியும் பிறந்துவிட்டது. முதல் சாம்பியன் பஞ்சாப் பல்கலைக்கழகம்.

இந்தப் போட்டியில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்காக அஜித் வடேகர் ஒரே இன்னிங்ஸில் 324 ரன் குவித்தார். அதே பல்கலைக்கழக மாணவர் சுனில் கவாஸ்கர் 327 எடுத்து அதை முறியடித்தார். மூன்றே மூன்று ரன் கூடுதல்! 1971இல் மேற்கிந்தியத் தீவுகளில் கவாஸ்கர் முதல் டெஸ்ட் ஆடியதும், அந்தத் தொடரில் 774 ரன் எடுத்ததும் வடேகரின் தலைமையில்தான். இந்திய கிரிக்கெட்டுக்கு இவ்வளவு தந்த போட்டியைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

இதுபோலவே அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களுக்கு பேஸ்பால் உலகத் தொடர் உண்டு. 1947இல் கலமசூ நகரில் நடந்த முதல் தொடரில் கலிஃபோர்னியாவிடம் தோற்றது யேல் அணி. அதில் ஆடியவர்களில் ஒருவர், பின்னாளில் அதிபரான ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ்.